எழுத்தும் கோடும்

ஐதராபாத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் பகுதியின் நடைபாதைகளைப் பழைய புத்தக வணிகர்கள் நிரப்பிவிடுவர். ஆங்கில நாவல்களும் தேர்வு நூல்களும் குவிந்துகிடக்கும் அவ்விடத்தில், தெலுங்கு நூல்களின் அட்டைகளைச் சற்று நின்று பார்த்தால், ஒரே கை வரைந்த படங்கள் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். அகன்ற விழிகள், நீண்ட பின்னல், நான்கைந்து கோடுகளுக்குள் முடிந்துவிடும் உருவம். நூலின் தலைப்புகூட அச்செழுத்தாக இராது. வரைந்தவரின் கையெழுத்தாகவே இருக்கும். அழகிய பெண்ணைக் கண்டால் பாபு பொம்மை போல் இருக்கிறாள் என்பது தெலுங்கு வழக்கு. தமிழில் பொம்மை என்றால் விளையாட்டுப் பொருள். தெலுங்கில் படத்தையும் அச்சொல்லே குறிக்கும்.

அப்படங்களை வரைந்த பாபுவைத் தனியாகப் பேசுவோர் குறைவு. பாபு - ரமணா என்று இரு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வதே வழக்கம். அவ்விருவரில் எழுதியவர் முள்ளபூடி வெங்கட ரமணா. இப்பாடம் அவரது வாழ்க்கையைக் கூறுவது. ஆனால் பாபுவை விட்டுவிட்டு அதனைக் கூற முடியாது.

ரமணா 1931ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள தவளேஸ்வரத்தில் பிறந்தார். கோதாவரியின் குறுக்கே ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1847 முதல் 1852 வரை கட்டிய அணை அவ்வூரில்தான் இருந்தது. திருச்சிக்கு அருகே கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையைக் கட்டியவரும் அவரே. காவிரிக் கரையில் கற்றதைக் கோதாவரிக் கரைக்குக் கொண்டுசென்றவர் அவர் எனலாம். அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல்லும் அவரைப் போன்ற பொறியாளர்களின் வழியே ஆங்கிலத்துக்குள் நுழைந்து ஆனிகட் ஆயிற்று. ரமணாவின் தந்தை சிம்மாசலம் அந்த அணையின் அலுவலகத்தில் பணியாற்றினார். தாயார் ஆதிலட்சுமி.

ரமணாவுக்கு ஒன்பது வயதானபோது தந்தை இறந்தார். சம்பளம் நின்றது. உறவினரை எத்தனை நாள் நம்பியிருக்க முடியும்? பிழைப்புத் தேடித் தாயார் பிள்ளையுடன் சென்னைக்கு வந்தார்.

அக்காலத்தில் சென்னை ஒரு பெரிய மாகாணத்தின் தலைநகரம். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் என நான்கு மொழியினரும் அம்மாகாணத்தில் இருந்தனர். எனவே சட்டப்படி பார்த்தால் ரமணா தம் மாகாணத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் தவளேஸ்வரத்துச் சிறுவனுக்குச் சட்டம் என்ன தெரியும்? கடைத்தெருவில் தமிழ், கோயிலில் தமிழ், விளையாடும் இடத்தில் தமிழ். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தெலுங்கு. இன்று செகந்திராபாத்திலோ மல்காஜ்கிரியிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்நிலையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. மொழிகளை மட்டும் இடம் மாற்றிக்கொண்டால் போதும்.

மயிலாப்பூரில் பி.எஸ். உயர்நிலைப் பள்ளி என்று ஒரு பள்ளி உண்டு. ரமணா அதில் சேர்ந்தார். அங்கே சத்திராஜு லட்சுமிநாராயணா என்னும் மாணவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நரசாபுரத்தில் பிறந்தவர். நரசாபுரமும் கோதாவரிக் கரை ஊர்தான். ஆக, ஒரே ஆற்றின் நீரைக் குடித்த இரு சிறுவர் அந்த ஆறு பாயாத நகரில் சந்தித்தனர். லட்சுமிநாராயணாவை வீட்டில் அழைத்த பெயர் பாபு. ரமணாவைவிட இரண்டரை வயது இளையவர். அதிகம் பேசாதவர், கையில் பென்சில் இல்லாமல் இருக்க மாட்டாதவர். ரமணாவோ பேச்சுப் போட்டிகளில் முந்தி நிற்பவர். கவிதையும் கட்டுரையும் எழுதுபவர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இருவரிடமும் இருந்தது தெலுங்கு.

பாபுவின் தந்தை வழக்கறிஞர். ரமணாவின் வீட்டில் அடுத்த வேளை உணவே கேள்விக்குறி. பள்ளியில் இத்தகைய வேறுபாடுகளைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வர். அதனாலேயே பிரிந்து போகும் நட்புகள் பல. இந்த நட்பு பிரியவில்லை. ரமணா இடையில் ராஜமுந்திரிக்குச் சென்று சில வகுப்புகள் படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, வேறொரு பள்ளியில் பள்ளி இறுதி வகுப்பை முடித்தார். பள்ளி மாறியும் நட்பு மாறவில்லை.

சென்னை வானொலி நிலையத்தில் தெலுங்குச் சிறுவர்களுக்கென ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதை நடத்தியவர்கள் நியாயபதி ராகவராவ், காமேஸ்வரி என்னும் கணவனும் மனைவியும். சிறுவர்கள் அவர்களை ரேடியோ அன்னய்யா, ரேடியோ அக்கய்யா என்றே அழைத்தனர்; தமிழில் சொல்வதானால் வானொலி அண்ணா, வானொலி அக்கா. 1945ஆம் ஆண்டு இவர்கள் பாலா என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினர். பெரியவர்கள் எழுதிச் சிறுவர் படிக்கும் இதழாக மட்டும் அது இருக்கவில்லை. சிறுவர் எழுதியனவும் வரைந்தனவும் அதில் அச்சாயின. ரமணாவின் முதற்கதை அவ்வாண்டிலேயே அதில் வெளிவந்தது. தாய் சொல்லைக் கேளாவிட்டால் என்ன ஆகும் என்பது கதையின் பொருள். பதினான்கு வயதில், தாயின் உழைப்பை அருகிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அப்பொருள் எங்கிருந்து கிடைத்தது என்று தேட வேண்டியதில்லை. பாபுவின் படங்களும் அவ்விதழில் அச்சேறின.

அச்சில் தம் பெயரைக் கண்ட சிறுவர்கள் அத்துடன் நிற்பது அரிது. இருவரும் சொந்தமாக ஓர் இதழ் நடத்த எண்ணினர். இதழின் பெயர் உதயபானு. ஆசிரியர் ரமணா, ஓவியர் பாபு. எழுதுபவரும் வரைபவரும் ஒரே பக்கத்துக்காக உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கியது இங்கேதான்.

அச்சகத்துக்குக் கொடுக்க அவர்களிடம் பணம் ஏது? சேர்த்த தொகையைக் கொண்டு ஒரு சைக்ளோஸ்டைல் பொறி வாங்கினர். இன்றைய மாணவர் அப்பொறியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மெழுகு பூசிய மெல்லிய தாள் ஒன்றின்மீது கூரிய இரும்பு எழுத்தாணியால் எழுத வேண்டும். எழுதிய இடத்தில் மெழுகு விலகும். அத்தாளைப் பொறியில் பொருத்தி மை உருளையை ஓட்டினால், மெழுகு விலகிய வழியாக மை கசிந்து அடியிலுள்ள வெள்ளைத்தாளில் பதியும். ஒரு மெழுகுத்தாளிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம்.

இதில் ஓவியனுக்கு ஒரு சிக்கல் உண்டு. பென்சிலைப் போல அழித்து அழித்துத் திருத்த இயலாது. நிழல் தீட்டுவதற்கென்று நெருக்கமாகக் கீறினால் தாள் கிழிந்துவிடும். எங்கே கோடு வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைக் கை நகரும் முன்பே மனத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் பாபுவின் படங்களில் ஒரு கோடுகூட மிகையாக இல்லை என்று வியந்தவர் பலர். அந்தச் சிக்கனத்தின் முதற்பாடம் இந்த மெழுகுத்தாளாக இருந்திருக்கலாம். எழுதுபவனுக்கும் அதே நெருக்கடிதான். இருப்பது சில பக்கங்கள். படத்துக்கு இடம் விட வேண்டும். எனவே படம் சொல்லிவிடுவதை எழுத்து மீண்டும் சொல்லக் கூடாது. படக்கதை எழுதும் எவரும் முதலில் கற்க வேண்டியது இது. பலர் கடைசிவரை கற்பதில்லை.

பள்ளி இறுதி வகுப்புடன் ரமணாவின் படிப்பு நின்றது. காரணம் வறுமையே. நன்றாகப் படித்த மாணவர் அவர். கிடைத்த சிறு வேலைகளை எல்லாம் செய்தார். சில நிலைத்தன, பல நிலைக்கவில்லை. பாபு கல்லூரிக்குச் சென்றார். 1955இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்றார். ஒருவர் வழக்கறிஞராகவும் மற்றவர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகவும் அமைந்து, வழியில் கண்டால் நலம் விசாரித்துக்கொள்ளும் பழைய நண்பர்களாக முடிந்திருக்க வேண்டிய கட்டம் இது. அவ்வாறு முடியாமைக்குக் காரணம் ஒரு நாளிதழ்.

ஆந்திர பத்திரிகா என்னும் அந்நிறுவனத்தைத் தொடங்கியவர் காசிநாதுனி நாகேஸ்வரராவ். தலைவலிக்குத் தடவும் அமிர்தாஞ்சனத்தை நாட்டுக்குத் தந்தவரும் அவரே. 1908இல் மும்பையில் தொடங்கிய இதழ் 1914இல் சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. 1950களின் நடுப்பகுதியில் ரமணா அதில் துணையாசிரியராகச் சேர்ந்தார். செய்தி எழுதினார், திரைப்படங்களைப் பற்றி எழுதினார், வார இதழுக்குக் கதைகள் எழுதினார். அவருடைய கதைகளுக்குப் படம் வேண்டியிருந்தபோது பாபுவின் தூரிகை அருகிலேயே இருந்தது. சட்டப் பட்டம் பெற்றவர் நீதிமன்றத்தைத் தம் வாழ்வாகக் கொள்ளவில்லை.

அக்காலத்தில் ரமணா எழுதிய நகைச்சுவைக் கதைகளுள் கடனைப் பற்றியன புகழ்பெற்றவை. சிவானந்தலகரி என்னும் பழைய பக்தி நூலின் பெயரைச் சற்றே திருப்பி, அவற்றுக்கு ருணானந்தலகரி என்று பெயரிட்டார். ருணம் என்பது கடன். கதையில் கடன் வாங்கிக்கொண்டே இருப்பவனின் பெயர் அப்பாராவ். தெலுங்கில் அப்பு என்றாலும் கடன்தான். பெயரிலேயே கடனைச் சுமப்பவனைக் கண்டு ஊர் சிரித்தது. கடன் கேட்டு நிற்பவனின் கூச்சத்தையும், கொடுக்க மனமில்லாதவனின் சாக்குப்போக்குகளையும் ரமணா நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர். பட்டதையே எழுதினார். ஆனால் அழுதுகொண்டு எழுதவில்லை.

1956இல் ஆந்திர பத்திரிகாவின் வார இதழில் ஒரு சிறுவன் பேசத் தொடங்கினான். அவன் பெயர் புடுகு. பொடியன் என்று தமிழில் கொள்ளலாம். கதையைச் சொல்பவனும் அவனே. தாயையும் தந்தையையும் ராதா, கோபாலம் என்று பெயரிட்டே குறிப்பிடுவான், வீட்டில் பெரியவர்கள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு. பாட்டி அவனுக்குத் துணை. சித்தப்பா அவனுக்குத் தோழன். வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களோ அவனிடம் நிலைப்பதில்லை. பெரிய சொற்களைத் தன் காதில் விழுந்தவாறே சிதைத்துச் சொல்வான். ரமணா அவற்றைத் திருத்தாமல் அப்படியே எழுதினார். இலக்கணப்படி எழுதுவதே சிறப்பென்று எண்ணப்பட்ட காலத்தில் ஒரு குழந்தையின் கொச்சை அச்சில் ஏறியது. அதைத் தெலுங்கர் கொண்டாடினர். இன்றும் தெலுங்கு வீடுகளில் குறும்புப் பிள்ளையைப் புடுகு என்று அழைப்பதைக் கேட்கலாம்.

எழுத்தில் அந்தச் சிறுவன் எவ்வாறு இருப்பான் என்ற வருணனை ஏறக்குறைய இல்லை. தன்னைத் தானே வருணிக்கும் குழந்தை உண்டா? அந்த இடத்தைப் பாபு நிரப்பினார். அரைக்கால் சட்டை, கலைந்த முடி, பெரிய மனிதனைப் போன்ற நிமிர்வு. ரமணாவின் வரிகளில் சிறுவன் தன்னைப் பெரிய ஆளாக எண்ணிப் பேசுகிறான். பாபுவின் படத்தில் அவன் எவ்வளவு சிறியவன் என்பது தெரிகிறது. சிரிப்பு இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிறக்கிறது. எழுத்தை மட்டும் படித்தாலும் பாதி. படத்தை மட்டும் பார்த்தாலும் பாதி.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பிரான்சில் கொசினி என்னும் எழுத்தாளரும் சம்பே என்னும் ஓவியரும் நிக்கோலா என்னும் பள்ளிச் சிறுவனைப் படைத்துக்கொண்டிருந்தனர். நிக்கோலாவும் தன் கதையைத் தானே சொல்பவன். பெரியவர்களைப் புரிந்துகொண்டதாக எண்ணித் தவறாகப் புரிந்துகொள்பவன். ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகளை எழுதிய கொசினிதான் அவர். அவற்றை வரைந்தவர் யூடெர்சோ. தமிழிலும் அதே காலத்தில், 1957இல், ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தில்லானா மோகனாம்பாளை எழுத, கோபுலு வரைந்தார். மோகனாவின் முகத்தையும் சண்முகசுந்தரத்தின் முகத்தையும் வாசகர் மனத்தில் பதித்தது கோபுலுவின் கோடு. பாபு பெரிதும் மதித்த ஓவியர்களுள் கோபுலு ஒருவர். தமிழ் இதழ்கள் நிறைந்த நகரில் வளர்ந்த தெலுங்கு ஓவியருக்கு அந்நகரம் கொடுத்த சீர் என்று அதனைக் கொள்ளலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசம் உருவாகி ஐதராபாத் அதன் தலைநகராயிற்று. சென்னையிலிருந்த தெலுங்கர் பலர் ஒவ்வொருவராகப் புறப்பட்டனர். ரேடியோ அன்னய்யாவும் அக்கய்யாவும் ஐதராபாத்துக்கு வந்தனர். நாராயணகுடாவில் பாலானந்தச் சங்கம் அவர்களின் உழைப்பால் நிலைபெற்றது. பின்னாளில் தெலுங்குத் திரையுலகமும் மெல்ல மெல்ல இங்கே குடிபெயர்ந்தது. பாபுவும் ரமணாவும் வரவில்லை. தெலுங்கில் எழுதியும் வரைந்தும் வாழ்ந்த இருவரும் இறுதிவரை தமிழ் பேசும் நகரிலேயே இருந்தனர். இரு குடும்பங்களும் ஒரே வீட்டில் வாழ்ந்தன.

திரைப்படத்துறையில் அவர்கள் செய்தவை பல. அவற்றை விரித்தால் பாடம் நீளும். ரமணா முதலில் தனியாக நுழைந்தார். தமிழில் புகழ்பெற்ற பாசமலரைத் தெலுங்கில் ரக்தசம்பந்தம் என எடுத்தபோது, 1962இல், அதற்கு உரையாடல் எழுதினார். 1967இல் சாட்சி என்னும் படத்தைப் பாபு இயக்க, ரமணா எழுதினார். அரங்கத்தை விட்டுக் கோதாவரிப் பகுதியின் சிற்றூரிலேயே அதனைப் படமாக்கினர். சிறு வயதில் விட்டு வந்த ஆற்றுக்கு இருவரும் இவ்வாறு படக்கருவியுடன் திரும்பினர். 1975இல் வந்த முத்யால முக்கு தேசிய விருது பெற்றது. முக்கு என்றால் தெலுங்கில் வாசலில் இடும் கோலம். பாபு ஒவ்வொரு காட்சியையும் முதலில் தாளில் வரைந்துகொள்வார். பிறகே படம் பிடிப்பார். ஆகவே அவர்களின் திரைப்படங்களும் படக்கதைகளாகத்தான் தொடங்கின.

1980களில் என்.டி. ராமராவ் ஆந்திர முதல்வராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒளிப்படப் பாடங்கள் உருவாக்கித் தருமாறு இவ்விருவரையும் கேட்டுக்கொண்டார். பெயரும் புகழும் உள்ள திரைக்கலைஞர்கள் எண்ணையும் எழுத்தையும் கற்பிக்கும் பாடங்களுக்காகத் தம் காலத்தைச் செலவிட்டனர். பாலா இதழில் எழுதிய சிறுவர்களுக்கு அது புதிய வேலை அன்று.

முதுமையில் ரமணா தம் வாழ்க்கையை எழுதினார். கோதி கொம்மச்சி என்பது நூலின் பெயர். கோதி என்றால் குரங்கு. கிளைக்குக் கிளை தாவிச் சிறுவர் ஆடும் ஒரு மரவிளையாட்டின் பெயர் அது. நினைவும் அவ்வாறே தாவும் என்பதால் ஆண்டுவரிசையைப் பார்க்காமல் எழுதினார். அடுத்த பகுதிகளுக்கு இன்கோதி கொம்மச்சி, முக்கோதி கொம்மச்சி என்று பெயர் வைத்தார். எழுபது வயதைக் கடந்தும் சொல் விளையாட்டை அவர் விடவில்லை. பசித்திருந்த நாள்களும் தாயின் பாடுகளும் அந்நூலில் சிரிப்புக்கு நடுவே வந்து போகின்றன. படங்கள் பாபு வரைந்தவையே.

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரமணா சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். அப்போது பாபு ஸ்ரீராமராஜ்யம் என்னும் படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். எழுத்து ரமணாவுடையது. நவம்பரில் அப்படம் வெளிவந்தபோது எழுதியவர் இல்லை. அதன்பின் பாபு வேறு படம் இயக்கவில்லை. 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அதே சென்னையில் அவரும் மறைந்தார்.

பாபுவின் கையெழுத்து இப்போது கணினியில் ஓர் எழுத்துருவாக இருக்கிறது. ஐதராபாத்தின் திருமண அழைப்பிதழ்களில் அதனைக் காணலாம். எழுத்தைத் தெலுங்கர் ராத என்பர். கோட்டைக் கீத என்பர். நம் மொழியின் கீறல் அதற்கு உறவு. புடுகுவின் கதைகள் மறுபதிப்புகளாக வந்துகொண்டிருக்கின்றன; அட்டையில் இரு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன.